அறையைப் பகிர்ந்துகொள்ளலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. தேக்கா உணவங்காடியில் ஒருவழியாக மேசை பிடித்து, தோசையும் தேநீரும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், எதிரே மகள் இரண்டு காதிலும் ஒலிப்பானைச் செருகிக்கொண்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். வாய் மெல்கிறது, மனம் இங்கே இல்லை.

“என்னம்மா கேக்கிற? பாட்டா?”

“இல்லப்பா. கொலை.”

பக்கத்து மேசையில் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். நான் அசடு வழியச் சிரித்தேன்.

இப்போது இதுதான் நடப்பு. வேலைக்குப் போகும்போது எம்ஆர்டியில் கொலைக் கதை, துணி மடிக்கும்போது கொலைக் கதை, தூங்கப் போகுமுன் ஒன்று. எல்லாம் உண்மைச் சம்பவங்கள். அன்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஜப்பானின் தக்காஹிரோ ஷிராய்ஷி வழக்கு. தோசையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எனக்கும் விளக்கினாள்.

தோக்கியோவுக்குப் பக்கத்தில் கனகாவா மாநிலத்தில் ஸாமா என்று ஓர் ஊர். 2017 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, அங்கே ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். எட்டுப் பேர் பெண்கள், ஒருவர் ஆண். மிக இளையவருக்கு வயது 15, மூத்தவருக்கு 26. வாழ்க்கை வெறுத்துவிட்டதென்று டுவிட்டரில் எழுதியவர்களாகப் பார்த்துத் தேடிப்பிடித்து, ‘உன் வேதனை எனக்குப் புரிகிறது’ என்று பேசி வீட்டுக்கு வரவழைத்தான். அக்டோபர் கடைசியில் காவல்துறை உள்ளே நுழைந்தபோது உடல் உறுப்புகள் குளிர்பெட்டிகளில் இருந்தன. 2020 டிசம்பரில் மரண தண்டனை. 2025 ஜூன் 27ஆம் தேதி தோக்கியோ சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

“எப்படி மாட்டினான்?” என்று கேட்டேன்.

“கடைசியா காணாமப் போன பொண்ணோட அண்ணன், அவ டுவிட்டர் கணக்குக்குள்ள போய்ப் பார்த்திருக்காரு. யார்கூடப் பேசினான்னு தேடி, அதை வெச்சுத்தான் பிடிச்சாங்க.”

அந்த அண்ணனைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டாள். நவம்பரில் ஒசாகா போகிறாளாம். தனியாகவா என்றால் இல்லையாம். பயணக் குழு ஒன்றில் பழக்கமான பெண் ஒருத்தியோடு அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறாளாம்.

“நேர்ல பார்த்திருக்கியா?”

“இன்னும் இல்ல. அங்க போய்தான் பார்க்கணும். ரூம் வாடகை பாதி ஆகும்பா.”

ஒன்பது பேரைக் கொன்றவன் கதையைக் கேட்டு முடித்த அதே மூச்சில் சொல்கிறாள்! நான் தேநீரைக் கீழே வைத்தேன்.

“அம்மா, நம்ம ஊர்லயே ஒருத்தர் இப்படித்தான் அறையைப் பகிர்ந்துக்கிட்டார். ஹேவ்லாக் சாலையில. அந்தக் கதை உனக்குத் தெரியுமா?”

தெரியவில்லை. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அவள் வயதொத்த பலருக்கும் தெரியாது என்பதைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஜப்பான் கொலைகாரனின் சரித்திரம் விரல்நுனியில் இருக்கிறது, சிங்கப்பூர் ஆற்றில் மிதந்தது தெரியாது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முடித்துவிட்டு வரலாம். உறுப்பு உறுப்பாக விவரிக்கும் உத்தேசம் எனக்கு இல்லை, ஆனாலும் இது இனிப்பான கதை அல்ல.

1995 மார்ச் 8. ஜெரார்ட் லோவ் என்ற தென்னாப்பிரிக்கர் சாங்கியில் வந்து இறங்கினார். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், பொறியாளர், ஜொகானஸ்பர்க்கில் மனைவியை விட்டுவிட்டுப் பொருள்கள் வாங்க வந்திருந்தார். அந்தக் காலத்தில் இது வழக்கம். கேமரா, வீடியோ, கணினி எல்லாம் இங்கே மலிவு என்று உலகமே நம்பியது. சிம் லிம் ஸ்குவேரில் பேரம் பேசும் வெளிநாட்டவர் கூட்டம் அலைமோதும். சையது ஆல்வி சாலையில் முஸ்தஃபா நிலையம் திறந்ததும் அதே 1995இல்தான். சென்னையிலிருந்து வரும் நம் உறவினர்கள் பட்டியலோடு வந்து இறங்குவார்களே, அதே மாதிரிதான் அவரும். பெரிய செல்வந்தர் இல்லை. கையிலிருக்கும் பணம் பொருளுக்குப் போக வேண்டும், படுக்கைக்குப் போகக்கூடாது என்று கணக்குப் பார்க்கும் சாதாரண மனிதர்.

விமான நிலையத்தில் ஓர் ஆங்கிலேயன் பேச்சுக் கொடுத்தான். சைமன் டேவிஸ் என்று பெயர் சொன்னான். வயது 35, நல்ல உயரம், இனிமையான பேச்சு. அவனும் தனி ஆள், இவரும் தனி ஆள். ஆளுக்கோர் அறை எதற்கு, ஒரே அறையாக எடுத்தால் பாதிச் செலவுதானே? ஹேவ்லாக் சாலையில், ஆற்றின் கரையிலேயே இருந்த ரிவர் வியூ ஹோட்டலில் 1511ஆம் எண் அறையை எடுத்தார்கள்.

அன்றோடு ஜெரார்ட் லோவ் கதை முடிந்தது.

இந்த இடத்தில் மகள் கேட்ட கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள்: முன்பின் தெரியாதவரோடு எப்படி ஒரே அறைக்குப் போவார்? நான் அவசரப்பட்டு அவரைக் குறை சொல்ல மாட்டேன். காரணம், நானும் போயிருக்கிறேன். 1988இல் மதுரையில், திருவிழாக் கூட்டத்தில் எந்த விடுதியிலும் இடமில்லாமல், பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்த ஒரு துணி வியாபாரியோடு இரட்டைக் கட்டில் அறையில் இரண்டு இரவு தங்கினேன். அவர் குறட்டை விட்டதைத் தவிர வேறு குற்றம் எதுவும் செய்யவில்லை. ரயிலில் “சார், பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று முகம் தெரியாதவரிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்காத தமிழர் யார்? நம்பித்தான் ஊரும் உலகமும் ஓடுகின்றன. லோவ் செய்தது அதே கணக்குதான். எனக்கு வாய்த்தது துணி வியாபாரி, அவருக்கு வாய்த்தது ஜான் ஸ்கிரிப்ஸ்.

ஸ்கிரிப்ஸ் என்பதும் பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். பிறந்தபோது ஜான் மார்ட்டின். 1959இல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த் ஊரில் பிறந்தவன். சிறுவனாக இருக்கும்போதே தகப்பன் தற்கொலை செய்துகொண்டார். பதின்ம வயதிலேயே சின்னத் திருட்டுகள், பிறகு போதைப்பொருள் கடத்தல், நீண்ட சிறைத் தண்டனை. 1994 அக்டோபரில், வீட்டுக்குப் போய்வரச் சிறை கொடுத்த விடுப்பில் வெளியே வந்தவன் திரும்பவில்லை. மெக்சிகோவுக்குப் போனான். அங்கே காணாமல்போன திமோத்தி மெக்டவல் என்ற பிரிட்டிஷ் பயணியையும் இவன்தான் கொன்றிருப்பான் என்ற சந்தேகம் உண்டு. அந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் வரவில்லை.

கொலை முடிந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் இந்த ஊரில் என்ன செய்தான் என்பது எனக்குக் கொலையைவிடக் கலக்கம் தருகிறது. லோவின் கையெழுத்தை எழுதிப் பழகினான். அவருடைய கடன்பற்று அட்டையில் ஆயிரக்கணக்கான வெள்ளியை எடுத்தான். காலணி வாங்கினான். சிங்கப்பூர் சிம்ஃபனி இசைக்குழுவின் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தான். ஹோட்டல் முகப்பில் கேட்டவர்களிடம், கூட வந்தவரோடு ஒத்துவரவில்லை, அவர் போய்விட்டார், கணக்கை நானே தீர்த்துவிடுகிறேன் என்றான். மார்ச் 11ஆம் தேதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேங்காக்குக்குப் பறந்துவிட்டான்.

அந்த இரவுகளில் அறைக்குப் பின்னாலிருந்த ஆற்றில் கறுப்பு நெகிழிப் பைகள் விழுந்திருந்தன. இன்று ஆற்றின் வாய் மரினா அணைக்கட்டால் அடைபட்டிருக்கிறது, உள்ளே இருப்பது நாம் குடிக்கும் தண்ணீர். 2008இல் வந்த ஏற்பாடு அது. 1995இல் ஆறு நேராகக் கடலோடு கலந்தது, அலை ஏறும், இறங்கும். மார்ச் 13ஆம் தேதி கிளிஃபர்ட் பியர் அருகே ஒரு படகோட்டி கண்ணில் முதல் பை பட்டது. உள்ளே மனிதக் கால்கள். சில நாள்களில் மற்ற பாகங்களும் கிடைத்தன. தலையும் கைகளும் கிடைக்கவே இல்லை.

முகம் இல்லை, கைரேகை இல்லை. பெயர் இல்லாத உடல். இங்கேதான் ஜொகானஸ்பர்க்கில் இருந்த அந்த மனைவி வருகிறார்.

கணவரிடமிருந்து தகவல் இல்லையென்றதும் அவர் தேடத் தொடங்கிவிட்டார். ‘ஊர் சுற்றும் ஆள், வரட்டும்’ என்று இருக்கவில்லை. அப்போது கைப்பேசி எல்லார் கையிலும் கிடையாது, வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு பார்த்து நிம்மதியடைய முடியாது. அவர் கொடுத்த புகாரும், இங்கே கரையொதுங்கிய உடலும் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவரே சிங்கப்பூருக்கு வந்து, கிடைத்ததை வைத்து, இது என் கணவர் என்று அடையாளம் காட்டினார். நான் இதற்குமேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்து ஒரு பெண் இதைச் செய்தார் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

பெயர் கிடைத்ததும் மீதி வேலை விறுவிறுவென்று நடந்தது. ஹோட்டல் பதிவேட்டில் லோவின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர் இருந்தது. 1511ஆம் அறையின் குளியலறையில், துடைத்துக் கழுவிய இடங்களில், ரத்தத்தின் சுவடு ரசாயனத்தில் தெரிந்தது. சைமன் டேவிஸ் என்ற பெயர் குடிநுழைவு அதிகாரிகளுக்குப் போனது. இதில் துப்பறியும் கதைகளின் மாயாஜாலம் எதுவும் இல்லை. பதிவேடு, ரசீது, கடப்பிதழ், வங்கிக் கணக்கு. நாம் சலித்துக்கொண்டே நிரப்பும் படிவங்கள்தான்.

ஆனால் அவன் நாட்டைவிட்டுப் போய் நாளாகிவிட்டதே.

மார்ச் 15ஆம் தேதி பேங்காக்கிலிருந்து புக்கெட் போகும் விமானத்தில் அவன் பக்கத்தில் கனடாவைச் சேர்ந்த ஒரு தாயும் மகனும். ஷீலா டமூட், ஐம்பதை நெருங்கியவர், பள்ளியில் பணியாற்றியவர். மகன் டேரின், இருபதுகளில் இருந்த மாணவர். உலகம் சுற்றிக்கொண்டிருந்த மகனைப் பார்த்து, அவனோடு சில நாள் கழிக்கலாமென்று அம்மா தாய்லாந்து வந்திருந்தார். எங்கே தங்குவது என்று பேச்சு. அவனுக்கு ஓர் இடம் தெரியுமாம். மூன்று பேரும் பத்தோங் கடற்கரையில் ஒரே விடுதியில் அறை எடுத்தார்கள். மறுநாளே, தாயும் மகனும் புறப்பட்டுவிட்டார்கள், அவர்கள் கணக்கை நான் தீர்க்கிறேன் என்று விடுதிக்காரர்களிடம் சொன்னான். அதே வார்த்தைகள். மார்ச் 19ஆம் தேதி, கைவிடப்பட்ட ஒரு தகரச் சுரங்கத்தில் இரண்டு மண்டையோடுகள் கிடைத்தன.

அதே மார்ச் 19ஆம் தேதி, அவன் சாங்கியில் வந்து இறங்கினான். அதே சைமன் டேவிஸ் கடப்பிதழ்.

ஏன் திரும்பி வந்தான்? இத்தனை வருடத்தில் எனக்கு இது விளங்கவே இல்லை. உலகத்தில் போக வேறு ஊரா இல்லை? என் ஊகம் இதுதான்: அவன் நம்மை எடைபோட்டிருந்தான். ஒரு வெளிநாட்டுப் பயணி காணாமல்போனால் பத்துப் பதினைந்து நாளுக்கு யாரும் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருப்பான். ஜொகானஸ்பர்க் தொலைபேசியை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. குடிநுழைவு முகப்பில் கடப்பிதழை நீட்டினான், பெயர் பட்டியலில் இருந்தது, முடிந்தது. பையில் சுத்தியல், மின் அதிர்ச்சிக் கருவி, கைவிலங்குகள், கத்திகள். கூடவே லோவ், டமூட் குடும்பத்தாருடைய பொருள்களும் கடப்பிதழ்களும்.

வழக்கு 1995 அக்டோபர் 2ஆம் தேதி உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. அன்று நீதிமன்றம் இயங்கிய கட்டடங்களில்தான் இன்று தேசியக் கலைக்கூடம் இருக்கிறது. ஓவியம் பார்க்கப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி நம்மவர், டி.எஸ். சின்னத்துரை. பெரியவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். 1983இல் தோ பாயோ கொலை வழக்கை நீதிபதி எஃப்.ஏ. சுவாவோடு சேர்ந்து விசாரித்தவர் அவர்தான். மந்திரவாதி வேடம் போட்ட ஏட்ரியன் லிம்மும் இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரு ஒன்பது வயதுச் சிறுமியையும் பத்து வயதுச் சிறுவனையும் பலிகொடுத்த வழக்கு. அதில் காளியின் பெயர் இழுக்கப்பட்டது. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போகும் என் அம்மாவுக்கு அதனால் வந்த கோபம் கடைசிவரை தணியவில்லை. “எவனோ செஞ்ச பாவத்துக்கு எங்க ஆத்தா பேர ஏன்டா சொல்றான்?” என்பார். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இப்படிப்பட்ட இரண்டு வழக்குகளைக் கேட்டு, மறுநாள் காலை மறுபடி அதே நாற்காலியில் போய் உட்காருவதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும்! ஜூரி முறையை நாம் 1969இலேயே கைவிட்டுவிட்டோம். உயிரா, மரணமா என்பதை எழுதவேண்டியது நீதிபதியே.

லோவைத் தான் தாக்கியதை ஸ்கிரிப்ஸ் மறுக்கவில்லை. அவர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொள்ள முயன்றார், பதறிப்போய்ச் சுத்தியலால் அடித்துவிட்டேன் என்றான். உடலை அப்புறப்படுத்தியது ஓர் ஆங்கிலேய நண்பர், பெயர் சொல்ல மாட்டேன் என்றான். திட்டமிடாத திடீர்ச் சண்டை என்று நிரூபித்தால் தூக்கிலிருந்து தப்பலாம். இறந்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறார்? கொன்ற பிறகு அவருடைய பெயரையும் கெடுக்கும் இந்த வாதம் உலகம் முழுவதும் நீதிமன்றங்களில் ஒலிப்பதுதான்.

அதை உடைத்தது இரண்டு விஷயம். ஒன்று, புக்கெட். மூன்று பேர், இரண்டு நாடு, எட்டே நாள், ஒரே முறை. ஒவ்வோர் இடத்திலும் பதறிப்போய்ச் சண்டை வந்தது என்றால் யார் நம்புவார்கள்? தாய்லாந்துக் கொலைகளுக்காக அவன்மீது இங்கே குற்றச்சாட்டு இல்லை என்றாலும், அந்தச் சாட்சியங்களை நீதிபதி ஏற்றுக்கொண்டார். அந்தக் கொலைகளிலும் அவனுக்குத் தொடர்பு உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இரண்டாவது, தடயவியல் மருத்துவர் சாவ் ட்ஸீ செங் சொன்னது. நம் ஊரின் பெரிய வழக்குகள் பலவற்றில் உடல்கள் பேச மறந்ததைப் பேசவைத்தவர் அவர். இந்த வெட்டுகள் மூட்டுகளில் சுத்தமாக விழுந்திருக்கின்றன, மருத்துவரோ, கால்நடை மருத்துவரோ, இறைச்சி வெட்டுபவரோதான் இப்படிச் செய்ய முடியும் என்றார். பிறகு இங்கிலாந்திலிருந்து ஒரு சாட்சி வந்தார். வைட் தீவிலிருக்கும் ஆல்பனி சிறையின் சமையல் பிரிவில் வேலை பார்த்தவர். 1993இல் ஸ்கிரிப்ஸுக்கு இறைச்சி வெட்டும் தொழிலை, எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

மகள் இங்கே நிறுத்தினாள். “சிறையிலயே கத்தி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாங்களா?”

ஆமாம். வெளியே போனால் பிழைக்க ஒரு தொழில் வேண்டாமா என்ற நல்லெண்ணத்தில். இதைக் கேட்டவுடனே, அப்படியென்றால் கைதிக்கு எந்தத் தொழிலும் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். காப்பிக்கடையில் என் நண்பர் ஒருவரே சொன்னார். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. நம் சிறைகளிலும் ரொட்டி சுடுவதும் சமைப்பதும் கற்றுக்கொண்டு வெளியே வந்து, மஞ்சள் ரிப்பன் திட்டத்தின் உதவியோடு வேலையில் சேர்ந்து, குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் சமைத்ததை நீங்களும் நானும் சாப்பிட்டிருப்போம். அந்தப் பயிற்சியாளரின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். ஒருநாள் தபாலில் சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வருகிறது, நீங்கள் கற்றுக்கொடுத்தது எப்படிப் பயன்பட்டிருக்கிறது என்று வந்து சொல்லுங்கள் என்று. அதற்குப் பிறகு அவர் எப்படி இன்னொரு மாணவன் கையில் கத்தியைக் கொடுத்திருப்பார்? குற்றம் கத்தியிலோ பாடத்திலோ இல்லை. நீண்ட தண்டனை அனுபவிக்கும் ஒருவனை விடுப்பில் அனுப்பலாமா என்று முடிவெடுத்த மேசையைத்தான் நான் கேட்பேன்.

1995 நவம்பர் 10ஆம் தேதி தீர்ப்பு. குற்றவாளி, மரண தண்டனை. முதலில் மேல்முறையீடு செய்தான், 1996 ஜனவரியில் அதைத் தானே மீட்டுக்கொண்டான். அதிபரிடம் கருணை மனுவும் போடவில்லை. 1996 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை விடியலில் சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட முதல் மேற்கத்தியர் அவன்தான்.

ஜப்பானில் ஷிராய்ஷியும் மேல்முறையீட்டை மீட்டுக்கொண்டான். இருபத்தைந்து ஆண்டு இடைவெளி, ஒருவன் விமான நிலையத்தில் வலை விரித்தான், ஒருவன் கைப்பேசித் திரையில். இரண்டு பேரும் குளியலறையில் கழுவித் துடைத்தார்கள். இரண்டு பேரும் தேர்ந்தெடுத்தது தனியாக இருப்பவர்களை, அல்லது தனியாக இருப்பதாகத் தோன்றியவர்களை. உண்மையில் அவர்கள் தனியாக இல்லை. ஒருவருக்கு மனைவி இருந்தார், ஒருத்திக்கு அண்ணன் இருந்தார்.

ஸாமாவில் செத்தவர்கள் தாங்களே சம்மதித்தார்கள் என்று அங்கே எதிர்த்தரப்பு வாதிட்டது. ஜப்பானிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவர்களில் யாரும் கொல்லப்படச் சம்மதிக்கவில்லை என்றது தீர்ப்பு. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று எழுதுகிறவர் பெரும்பாலும் யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் எழுதுகிறார். கேட்க வந்தவன் அவனாகிப் போனான். இந்தப் பத்தியைப் படிக்கும் யாருக்காவது அப்படி மனம் கனத்திருந்தால், முகம் தெரியாத கணக்குகளை நம்பவேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள்.

நாங்கள் சாப்பிட்டு எழுந்தபோது பத்தரை ஆகிவிட்டது. சந்தையில் அம்மாவுக்கு மீன் வாங்க வேண்டும். மீன்காரர் வஞ்சிரத்தைத் துண்டு போடுவதை அன்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டோம். அவர் பையை நீட்டியபடி, “என்ன அண்ணே, ரெண்டு பேரும் சண்டையா?” என்றார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மகள் கேட்டாள்: “அப்போ ஒசாகா போக வேண்டாங்கிறீங்களா?”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. டேரினின் அம்மா மகனைத் தடுத்திருக்க முடியுமா? தடுத்தால்தான் என்ன, அவரே கிளம்பிப் போனாரே. போகட்டும். ஆனால் அந்தப் பெண்ணோடு போவதற்குமுன் ஒருமுறை திரையிலாவது முகம் பார்த்துப் பேசவேண்டும், என் மனைவியும் பக்கத்தில் இருப்பாள். ஹோட்டல் பெயர், அறை எண், அந்தப் பெண்ணின் முழுப் பெயர், அவள் வீட்டு எண் எல்லாம் நம் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு ஒரு குறுஞ்செய்தி. வரவில்லை என்றால் பதினொரு மணிக்கு நான் ஹோட்டலுக்கே தொலைபேசி செய்வேன், அவமானமாக இருந்தாலும் சரி.

“ஐயோ, அப்பா! அவ என்ன நினைப்பா?”

“அவ அப்பாவும் இதையேதான் கேட்பார். கேட்கலைன்னா எனக்குச் சொல்லு.”

இரண்டு நாள் பேச்சு இல்லை. புதன்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. யாரோ ஒரு தாளில் முத்து முத்தாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: பெயர், முகவரி, வேலை செய்யும் இடம், இரண்டு தொலைபேசி எண்கள். ஜொகூரைச் சேர்ந்த சீனப் பெண். தாளின் அடியில், என் மகளைப் பற்றி அதே விவரங்களை அவளுடைய அப்பாவும் கேட்டிருக்கிறார், நாளைக்குள் அனுப்பிவைக்க முடியுமா என்று ஒரு வரி.